அபராதமும் அரசியலமைப்பும்

தேர்தலில் செலவிடப்படும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய வாக்காளர்கள் விரும்புவர். எனவே, அமெரிக்காவில் அதிபர் பதவிக்கும் நாடாளுமன்றத்துக்கும் போட்டியிடுவோரின் பரப்புரைக் குழுக்கள், தங்கள் வரவு செலவுக் கணக்கைக் கூட்டரசுத் தேர்தல் ஆணையத்திடம் உரிய நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு முதல், தாமதமாகக் கணக்கு அனுப்பும் குழுக்களுக்கு ஆணையமே அபராதம் விதித்து வருகிறது. தாமதமான நாள்கள், கணக்கிலுள்ள தொகை, முந்தைய தவறுகள் ஆகியவற்றைப் பொறுத்து அபராதம் அமையும். அதனை ஏற்காதவர்கள் முதலில் ஆணையத்திடம் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். ஆணையத்தின் இறுதி முடிவுக்குப் பின் 30 நாள்களுக்குள் நீதிமன்றத்தை நாடலாம்.

இத்தகைய பூசல்களை நடுவர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் முடிவே இறுதியானது எனச் சட்டம் இயற்றினால் செலவும் காலமும் மிச்சமாகும். ஆயினும், இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, நடுவர் முறை பொதுவாக இரு தரப்பினரின் சம்மதத்தால் அமைவது. அதனை அரசே கட்டாயமாக்கி, நீதிமன்றத்தின் கதவை அடைத்தால், உரிய சட்ட நடைமுறையின்றி எவருடைய உடைமையையும் பறிக்கலாகாது என்னும் அரசியலமைப்பு விதியோடு அது முரண்படக்கூடும்.

இரண்டாவது, நடுவரை நியமிப்பவர் யார் என்பதாகும். தொடக்கத்தில் ஆணையத்தின் 6 உறுப்பினர்களுள் நால்வரை நாடாளுமன்றத் தலைவர்களே நியமித்தனர். அவ்வாறு அமைந்த ஆணையம் சட்டத்தை அமலாக்க முடியாது என 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர், உறுப்பினர்களை அதிபர் நியமிக்க, மேலவை உறுதிப்படுத்தும் முறை வந்தது.

கணக்கை மறைப்போர் தண்டிக்கப்பட வேண்டும். அதே வேளையில், தண்டிக்கும் அதிகாரமும் சட்டத்தின் வரம்புக்குள் இயங்க வேண்டும். அப்போதுதான் மக்கள் தேர்தலை நம்புவர்.