கன்னிவாடிக்கு எத்தனை எழுத்து?

'கன்னிவாடி' என்ற ஊர்ப் பெயரை எழுதிக் காட்டி எத்தனை எழுத்து என்று கேட்டால், இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும்: க, ன், னி, வா, டி. ஐந்து. அதே பெயரை பாஸ்கல் நிரல்மொழியின் ஒரு வடிவமான ஃப்ரீ பாஸ்கலில் யூடிஎஃப்-8 சரமாகக் கொடுத்து 'லெங்த்', அதாவது நீளம், கேட்டால் 27 என்கிறது. அதே பாஸ்கல் குடும்பத்து டெல்பியில், 2009 பதிப்பிலோ அதற்குப் பிந்தியவற்றிலோ கேட்டால் 9.

இரண்டும் பிழையல்ல. எண்ணும் பொருள்தான் வேறு. யூனிகோடு தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருக்கிறது. அதில் 'னி' என்ற எழுத்துக்குத் தனி இடம் கிடையாது. ன ஒரு குறி, அதன்மேல் ஏறும் இகரக் குறி இன்னொன்று. மெய்யின் புள்ளியும் தனிக்குறிதான். அப்படிப் பிரித்தால் கன்னிவாடியில் 9 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆக 27.

நிக்லாஸ் விர்த் 1970இல் பாஸ்கலை உருவாக்கியபோது எழுத்து என்றால் ஒற்றைக் குறி, அவ்வளவே. 1983இல் வந்த டர்போ பாஸ்கலில் எழுத்துக்கு ஒரு பைட், சரத்துக்கு உச்ச அளவு 255 எழுத்து. ஆங்கிலத்துக்கு அது தாராளம்.

தமிழுக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். ஊர்ப் பெயருக்கு 20 போதும் என்று 'ஸ்ட்ரிங்[20]' என அறிவிக்கிறோம். முதல் 18 பைட்டில் 'கன்னிவ' அடங்கிவிடும். அடுத்து வரும் காலுக்கு 3 பைட் வேண்டும். மிச்சம் இருப்பதோ 2. கால் ஒடிந்துபோய், திரையில் 'கன்னிவ' என்பதன் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். ஒருவருடைய ஊர்ப் பெயர் இப்படி முறிந்து அச்சாவதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கொடைக்கானல் என்ற ஊர்ப் பெயருக்கு வேறு சிக்கல். 'கொ' என்பதை க, ஒகரக் குறி என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம்; க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். பாஸ்கலின் சமக்குறியோ பைட்டைப் பார்த்து 'வேறு வேறு' என்று சொல்லிவிடும். தேடினால் ஊரே அகப்படாது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது கட்டாயம். பழைய டிஸ்கி குறிமுறைக் கோப்புகளையும், 1999 சென்னைத் தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப் குறிமுறைக் கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றும்போது இன்னும் கவனம் தேவை. அவற்றில் கையால் எழுதும் வரிசைப்படி கொம்பு முதலில் வரும், க பின்னால் வரும்.

பிள்ளை எண்ணியதுபோலப் பாஸ்கலை எண்ண வைக்க முடியுமா? முடியும். யூனிகோடு எண் 0பிபிஇ முதல் 0பிசிடி வரையுள்ள சார்புக் குறிகளையும் 0பிடி7ஐயும் எண்ணாமல் தாண்டினால் 5 வந்துவிடும். பாஸ்கலில் 'இன்' கொண்டு சோதிக்கும் கணம் இதற்கு உதவாது, கணத்தில் 256 உறுப்புகளுக்கு மேல் அடங்காது. 'கேஸ்' கூற்றில் வீச்சாகக் கொடுத்துவிடலாம். 'லக்ஷ்மி' வந்தால் மட்டும் இந்தக் கணக்கு 4 என்னும். நம் கண்ணுக்கு 3. க்ஷ-வுக்காக இன்னொரு நிபந்தனையும் எழுதியாக வேண்டும்.