உளுந்து மஞ்சளானால் உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம்



கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் பக்கமெல்லாம் புரட்டாசி, ஐப்பசி வந்துவிட்டால் கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும்தான். குழுவில் வாங்கின கடனில் பாதி அந்த மண்ணில்தான் இறங்குகிறது. விதைத்து மூணு, நாலு வாரத்தில் அங்கொன்று இங்கொன்றாகச் செடி மஞ்சளாகும். "மழை காணாததுனால இருக்கும்", "சத்துப் பத்தலை" என்று விட்டுவிடுகிறோம். கொஞ்ச நாளில் காடே மஞ்சள். காய் பிடிக்காது, பிடித்தாலும் சூம்பிப் போகும்.

இதன் பெயர் மஞ்சள் தேமல் நோய். இது ஒரு வைரஸ் கிருமி. இதைச் செடிக்குச் செடி சுமந்து போவது வெள்ளை ஈ.

வெள்ளை ஈ ஒரு எள்ளை விடச் சின்னது. செடியைத் தட்டினால் வெள்ளைத் தூசி மாதிரி பறக்கும். இலையின் அடிப்பக்கம்தான் அதன் குடியிருப்பு. முட்டை அங்கே, குஞ்சும் அங்கேயே செதில் மாதிரி ஒட்டிக்கிட்டு சாறு குடிக்கும். முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய மூணு, நாலு வாரம் போதும். பலத்த மழை பெய்தால் குறையும். மழை விட்டு வெயில் காய்ந்தால் பெருகும். நம்ம மானாவாரிக்கு இதுதான் ஆபத்து.

நோய்ச் செடியில் சாறு குடித்த ஈ, அடுத்து உட்காருகிற நல்ல செடிக்கும் கிருமியைக் கொடுக்கும். ஒரு தடவை செடிக்குள் போன கிருமியை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதிச் செலவு மிச்சம். கடைக்காரர் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார், நாமும் கடன் சொல்லி வாங்குகிறோம். அடித்த மறுவாரம் ஈ முன்னை விட அதிகம்!

அது எப்படி? சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால், வெள்ளை ஈயைத் தின்கிற பொறிவண்டும், கண்ணாடி இறக்கைப் பூச்சியும் முதலில் செத்துப் போகும். ஈ இலைக்கு அடியில் தப்பித்துக்கொள்ளும். 1980களின் நடுவில் ஆந்திராவில் குண்டூர் பக்கம் பருத்தியில் இப்படித்தான் வெள்ளை ஈ பெருத்தது. 2015ல் பஞ்சாபில் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் பருத்தி போய், விவசாயிகள் ரயில் மறியல் செய்தார்கள்.

அப்போ என்ன செய்வது? விதையிலேயே தொடங்கணும். வம்பன் 8 போன்ற மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகங்கள் உண்டு. கோவில்பட்டியிலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம்ம மண்ணுக்கு எது சரி, விதை நேர்த்திக்கு எந்த மருந்து என்று அங்கே கேட்கலாம். காட்டைச் சுற்றி சோளம் அல்லது மக்காச்சோளம் மூணு வரிசை நெருக்கமாகப் போட்டால் ஈ உள்ளே வருவது குறையும். வரப்பில் துத்திச் செடி நிற்க விடாதீங்க. உளுந்து இல்லாத நாளில் ஈ தங்குவது அதில்தான்.

முளைத்ததிலிருந்து முதல் ஒரு மாதம்தான் முக்கியம். வாரம் இரண்டு தடவை காலையில் காட்டுக்குள் நடங்க. அந்த நேரத்தில் ஈ மந்தமாக இருக்கும். மஞ்சள் புள்ளி விழுந்த செடியைப் பார்த்தால் அதிகம் உலுக்காமல் பிடுங்கி, சாக்கில் போட்டு, புதைத்துவிடுங்க. வரப்பில் வீசினால் ஈ அங்கிருந்து திரும்ப வரும். "காய்க்கிற செடியைப் பிடுங்கச் சொல்றீங்களே" என்று கூட்டத்தில் கேட்கிறார்கள். அந்த வயதில் மஞ்சளானது காய்க்காது, மற்றதைக் கெடுக்கும். ஆனால் காடு முழுக்க மஞ்சளான பிறகு பிடுங்கிப் பயனில்லை. காய் முற்றுகிற நேரத்தில் வந்தால் பெரிய நஷ்டமும் இல்லை. மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

பழைய தகர டின்னுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு ஐந்தாறு இடத்தில் செடி உயரத்துக்குக் குச்சியில் கவிழ்த்து வையுங்க. மஞ்சளைத் தேடி வந்து ஒட்டும். ஈ எவ்வளவு இருக்கு என்று பார்க்கவும் இது உதவும்.

வீட்டுத் தோட்டத்து வெண்டையில் நரம்பு மஞ்சளாவதும் இதே ஈயால் வருவதுதான். நிழல்வலைக்குள் தக்காளி, மிளகாய் நாற்று விடுகிற குழுக்களுக்கு ஒன்று: நிழல்வலையின் ஓட்டை வெள்ளை ஈக்கு வாசல் மாதிரி. பக்கவாட்டில் 40 மெஷ் நைலான் வலை கட்டணும், கதவைத் திறந்து போடக் கூடாது.

தெளிப்புக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி ராத்திரி முழுக்க தண்ணீரில் ஊற வைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி 100 லிட்டராக்கணும். 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். சாயங்காலம், இலைக்கு அடியில் படுகிற மாதிரி தெளிக்கணும். அதற்கும் ஈ அடங்கவில்லை என்றால் வேளாண் அலுவலர் எழுதித் தருகிற ஒரே மருந்து, அவர் சொன்ன அளவு. கலப்படக் கலவை வேண்டாம். செல்போனில் கேட்க கிசான் கால் சென்டர் 1800 180 1551, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஒருத்தர் மட்டும் செய்தால் பக்கத்துக் காட்டு ஈ வந்து உட்காரும். அதனால் ஒரே ஓடைப் பக்கம் காடு உள்ளவர்கள் ஒரே வாரத்தில் விதைப்பது, ஒரே நாளில் செடி பிடுங்குவது என்று குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானம் எழுதுங்க. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிரும். அதைப் பொறுக்கி, சதையை நீக்கி, நிழலில் காயவைத்து, சணல் சாக்கில் வையுங்க. மூணு மாதம் கழித்து எடுத்தால் கார்த்திகைத் தெளிப்புக்குச் சரியாக இருக்கும். எட்டு மாதத்துக்கு மேல் வைத்தால் வீரியம் போய்விடும். ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு கணக்கு வைத்து, உங்கள் குழுவுக்கு எத்தனை கிலோ தேவை என்று அடுத்த கூட்டத்திலேயே பிரதிநிதியிடம் சொல்லிவிடுங்க.