சக்கரத்தில் ஓடும் வீடும் கழிவு இறக்கும் இடமும்

மலசலகூடம் பற்றிக் கதைக்க நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் இடம்பெயர்ந்து மரநிழலிலும், பாடசாலை மண்டபத்திலும், முகாமின் தறப்பாள் கொட்டிலிலும் நாட்களைக் கழித்த பெண்களுக்கு அதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருட்டும்வரை அடக்கி வைத்திருந்ததும், போக இடமில்லையே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதும், மாதவிடாய் நாட்களில் பட்ட அவதியும் எளிதில் மறக்கக் கூடியவையல்ல. ஓரிடத்தில் நிலைத்து நில்லாத வாழ்க்கையில் பெண்ணை அதிகம் வாட்டுவது இந்தப் பிரச்சினைதான்.

உலகின் மிகப் பெரிய பணக்கார நாடு என்று சொல்லப்படும் ஐக்கிய அமெரிக்காவிலும் நிலைத்து நில்லாத வாழ்க்கை உண்டு. சிலர் உல்லாசத்துக்காகவும், சிலர் வேறு வழியின்றியும் வாகனத்தையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். அவர்கள் தங்கள் கழிவை எங்கே கொண்டுபோய் இறக்குகிறார்கள்? சிறிய கேள்விதான். ஆனால் அதன் பின்னால் சுகாதாரம், நிலத்தடி நீர், பெண்களின் மானம் என்று பல விடயங்கள் இருக்கின்றன.

வாகனத்துக்குள் ஒரு வீடு

அங்கே இவற்றை ஆர்.வி. என்று சுருக்கமாக அழைப்பார்கள். பஸ் அளவிலான பெரிய வாகனமும் உண்டு. காரின் பின்னால் கொழுவி இழுக்கும் ரெயிலரும் உண்டு. கட்டில், அடுப்பு, குளியலறை, மலசலகூடம் எல்லாம் உள்ளேயே இருக்கும். அந்நாட்டில் சுமார் 1 கோடி 10 இலட்சம் குடும்பங்களிடம் இத்தகைய வாகனங்கள் இருப்பதாக அத்தொழில்துறைச் சங்கம் 2021 இல் கணக்கிட்டது.

இவ்வாகனத்தின் அடியில் பெரும்பாலும் மூன்று தாங்கிகள் இருக்கும். முதலாவது நல்ல தண்ணீருக்கு. இரண்டாவது, பாத்திரம் கழுவிய, குளித்த நீருக்கு. இதனைச் சாம்பல் நீர் என்பார்கள். மூன்றாவது மலமும் சலமும் சேரும் தாங்கி. அதற்குக் கரு நீர்த் தாங்கி என்று பெயர். பொதுவாக இது 75 முதல் 150 லீற்றர் வரை கொள்ளும். இருவர் சிக்கனமாகப் பாவித்தால் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குப் போதும். பிள்ளை குட்டிகளோடு போனால் அதற்கு முன்பே நிறைந்துவிடும். நிறைந்த பின் ஒரு நாளும் தாமதிக்க முடியாது.

எங்கே இறக்குவது?

கலிபோர்னியா மாநிலத்தின் நடுவே மத்திய பள்ளத்தாக்கு என்ற பெரும் சமவெளி இருக்கிறது. கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடர், மேற்கே கரையோர மலைகள். இரண்டுக்கும் இடையில் சுமார் 720 கிலோமீற்றர் நீளத்துக்கு வயல்களும் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. சக்கரமெண்டோ, ஸ்டொக்டன், மொடெஸ்டோ, மெர்செட், பிரெஸ்னோ, பேக்கர்ஸ்பீல்ட் ஆகிய நகரங்கள் இங்கேதான் உள்ளன. யொசெமிற்றி தேசியப் பூங்காவுக்குப் போகும் வீட்டு வாகனங்களில் பெருந்தொகையானவை இச்சமவெளியைக் கடந்தே மலை ஏறுகின்றன.

வழியில் கழிவு இறக்கும் நிலையங்கள் பல வகைப்படும். அரச பூங்காக்களின் முகாம் திடல்கள், தனியார் வாகனத் தரிப்பிடங்கள், லொறிகள் தங்கிச் செல்லும் பெரிய எரிபொருள் நிலையங்கள், மாவட்டக் கண்காட்சித் திடல்கள், சில நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் என்பன அவை. சிலவற்றில் இலவசம். சிலவற்றில் பத்து, இருபது டொலர் என்று அறவிடுவார்கள். வீதியோரத்தில் நீல நிறப் பலகையில் ஒரு வாகனமும் அதிலிருந்து நிலத்துக்கு இறங்கும் குழாயும் வரையப்பட்டிருந்தால் அங்கே நிலையம் உண்டென்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் படம் விளங்கும். இப்போது கைத்தொலைபேசிச் செயலிகளிலும் இவ்விடங்களைத் தேடிக்கொள்ளலாம்.

ஆனால் செயலியில் இருக்கும் இடமெல்லாம் திறந்திருக்கும் என்றில்லை. துணியையும் நப்கினையும் போட்டு அடைக்கச் செய்பவர்களால் திருத்தச் செலவு கூடி மூடப்பட்ட நிலையங்களும் உண்டு. ஒருவரின் பொறுப்பின்மைக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் விலை கொடுக்கிறார்கள். அதனால் அனுபவமுள்ளவர்கள் தாங்கி முக்கால்வாசி நிறைவதற்குள்ளேயே அடுத்த இடத்தை விசாரித்து வைத்துக்கொள்வார்கள். யொசெமிற்றிப் பூங்காவின் முகாம் திடல்களில் வாகனத்துக்குக் கழிவுக் குழாய் இணைப்புக் கிடையாது. பள்ளத்தாக்கினுள்ளே அப்பர் பைன்ஸ் என்னும் திடலில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே போய் இறக்கலாம்.

இறக்கும் முறை

நிலையம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். நடுவை நோக்கிச் சரிந்த கொங்கிறீற் தரை, அதன் நடுவே மூடியுடன் ஒரு துவாரம், கழுவுவதற்கு ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான். துவாரம் நகரத்தின் கழிவுநீர்க் குழாயோடு அல்லது நிலத்தடி மலக்குழியோடு தொடுக்கப்பட்டிருக்கும்.

முதலில் கையுறை போட வேண்டும். மூன்று அங்குல விட்டமுள்ள வளையும் குழாயின் ஒரு முனையை வாகனத்தில் பூட்டி, மறுமுனையைத் துவாரத்தில் இறுக்கமாக வைக்க வேண்டும். முதலில் மலத் தாங்கியின் வால்வைத் திறக்க வேண்டும். அது வெறுமையான பிறகே சாம்பல் நீரைத் திறக்க வேண்டும். சவர்க்காரம் கலந்த அந்த நீர் குழாயில் ஒட்டியிருப்பதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பின்னர் வால்வுகளை மூடி, குழாயை அலசி, தரையைக் கழுவி, துவாரத்தை மூடியால் மூடிவிட்டு, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். தாங்கிக்குள் சிறிது தண்ணீர் ஊற்றி வைத்தால் அடுத்த முறை அடியில் இறுகாது.

மலத் தாங்கியின் வால்வை எந்நேரமும் திறந்து வைக்கவே கூடாது. திறந்து வைத்தால் நீர் ஓடிப்போய், திண்மம் மட்டும் குவிந்து காய்ந்து கல்லாகிவிடும். பிறகு அதை எடுப்பது பெரும் பாடு.

கழுவும் குழாயில் வரும் நீரைக் குடிக்கவோ, நல்ல தண்ணீர்த் தாங்கியில் நிரப்பவோ கூடாது. குடிநீர்க் குழாய் வேறாகத் தள்ளி இருக்கும். பலருடைய கழிவுக் குழாய் தொட்ட இடத்தில் பாத்திரம் வைத்தால் வயிற்றோட்டம் தேடி வரும்.

நப்கின், குழந்தைகளின் பம்பர்ஸ், ஈரத்துணி போன்ற எதையும் தாங்கியில் போடக்கூடாது. அவை நீரில் ஊறிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். மணத்தைப் போக்கவென்று பார்மல்டிஹைட் கலந்த திரவம் ஊற்றுவதும் தவறு. மலக்குழியில் கழிவை உக்கச் செய்வது நுண்ணுயிர்கள்தான். அந்தத் திரவம் அவற்றைக் கொன்றுவிடும்.

மேலே ஊற்றினால் கீழே குடிப்பார்கள்

இவ்வளவு சிரமம் ஏன், காட்டிலோ வாய்க்காலிலோ திறந்துவிட்டுப் போகலாமே என்று நினைப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் அது சட்டப்படி குற்றம். வீதியோர மழைநீர் வாய்க்கால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே ஆற்றுக்கே போகும்.

யொசெமிற்றிப் பள்ளத்தாக்கின் நடுவே ஓடும் மெர்செட் ஆறு மலையிறங்கி, மத்திய பள்ளத்தாக்கில் சான் வாக்கின் ஆற்றோடு சேர்கிறது. மேலே உல்லாசப் பயணி விட்ட அழுக்கு கீழே விவசாயியின் வாய்க்காலுக்கு வரும். ஆகவேதான் பள்ளத்தாக்கில் சேரும் கழிவுநீரைக் குழாய் வழியே கீழே எல் போர்ட்டல் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்கிறார்கள்.

சமவெளியில் நிலத்தடி நீரின் நிலை ஏற்கெனவே மோசம். தெற்குப் பகுதியின் பல சிற்றூர்களில் கிணற்று நீரில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, பெரும் பங்கு பயிர்நிலங்களிலிருந்தே வருகிறது என்று கண்டது. உரமும் மாட்டெருவும் முக்கிய காரணம். மலக்குழிகளின் பங்கு மிகச் சிறியது. எனினும் கிணற்றுக்கு அருகே மலக்குழி இருக்கும் வீட்டுக்கு அந்தச் சிறிய பங்கே பெரிய ஆபத்தாகலாம். அதே 2012 இல் பாதுகாப்பான, கட்டுப்படியான குடிநீர் ஒவ்வொரு மனிதருக்கும் உரிமை என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. ஆயினும் போத்தல் தண்ணீர் வாங்கிச் சமைக்கும் ஏழைக் குடும்பங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன.

வயலில் நின்ற பெண்கள்

இதே பள்ளத்தாக்கில் வீட்டு வாகனக்காரருக்கு நிலையம் தேடும் கவலை என்றால், திராட்சைத் தோட்டத்துப் பெண்களுக்கு நெடுங்காலமாக மலசலகூடமே இருக்கவில்லை. கொடிகளுக்கிடையே ஒதுங்க வேண்டும். அல்லது ஒருவருக்கொருவர் துணியால் மறைத்து நிற்க வேண்டும். கூச்சத்தினால் தண்ணீர் குடியாமல் கொளுத்தும் வெயிலில் வேலை செய்தால் மயக்கமும் சிறுநீர் நோயும் வரும்.

ஸ்டொக்டன் நகரில் வளர்ந்து ஆசிரியையாக இருந்தவர் டொலோரஸ் ஹுவேர்ட்டா. 1930 இல் பிறந்தவர், பதினொரு பிள்ளைகளின் தாய். 1962 இல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1965 இல் டெலானோவில் தொடங்கிய திராட்சை வேலைநிறுத்தம் 1970 இல் ஒப்பந்தங்களோடு முடிந்தது. தோட்ட உரிமையாளர்களோடு மேசையில் இருந்து பேரம் பேசியவர்களில் அவர் முன்னணியில் நின்றார். கூலி உயர்வோடு வயலில் மலசலகூடமும் குளிர்ந்த குடிநீரும் வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது.

நாடு முழுவதற்குமான விதி வர 1987 ஆயிற்று. அதுவும் நீதிமன்றம் அழுத்திய பிறகே வந்தது. 11 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பண்ணையில் 20 பேருக்கு ஒரு மலசலகூடமும் கைகழுவும் வசதியும், கால் மைல் நடைக்குள் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. கலிபோர்னியாவின் விதி இன்னும் ஒரு படி மேலே போய், ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறாக வேண்டும் என்கிறது. இன்று அந்த வயல்களின் ஓரத்தில் ரெயிலரில் ஏற்றிய மலசலகூடங்கள் நிற்கின்றன. கழிவை பௌசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது.

வீடிழந்து வாகனத்துக்கு வந்தவர்கள்

வாகனத்தில் வாழும் எல்லோரும் உல்லாசிகள் அல்லர். வேலை போனவர்களும், வாடகை கட்ட முடியாதவர்களும், துணையை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு பழகி 2017 இல் ‘நோமேட்லேண்ட்’ என்ற நூலை எழுதினார். அதனைத் தழுவி 2020 இல் குளோயி ஷாவோ எடுத்த திரைப்படம் அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. கணவனை இழந்து, வேலை செய்த தொழிற்சாலையும் மூடப்பட, ஒரு வானையே வீடாக்கிக்கொண்ட பெண்ணின் கதை அது. அவளது சிறிய வானில் தாங்கியெல்லாம் கிடையாது, ஒரு வாளிதான். படம் அதையும் மறைக்காமல் காட்டுகிறது. வாளியும் மலக்குழியும் தெரிந்த நம் பெண்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது.

நம் முற்றத்துக்கு வருவோம்

நம் வீடு சக்கரத்தில் ஓடவில்லை. ஆனால் மலக்குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரிலும் நைத்திரேற்று இருப்பது நீண்ட காலமாக அறியப்பட்ட விடயம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக அழுக்கு விரைவாகவும் தூரமாகவும் போகும். ஆகவே,

• மீள்குடியேறி மலசலகூடம் கட்டும்போது குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் தோண்டலாம் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே முடிவெடுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் எடுங்கள்.

• கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் வீடுகளில் இது முக்கியம். அளவு மிஞ்சினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். தாய்ப்பாலே பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

• நப்கினையும் துணியையும் மலக்குழிக்குள் போடாதீர்கள். நுண்ணுயிர்களைக் கொல்லும் கடும் திரவங்களை அளவுக்கு மிஞ்சி ஊற்றாதீர்கள்.

• குழி நிறைந்தால் பிரதேச சபையின் பௌசரைக் கேளுங்கள். அந்தக் கழிவை எங்கே கொண்டுபோய் இறக்குகிறீர்கள் என்றும் கேளுங்கள். நம் வளவைத் துப்புரவாக்கி இன்னொரு ஊரின் குளத்தில் ஊற்றுவது சுகாதாரமல்ல.

வயலில், தைப்பு நிலையத்தில், வீதி வேலையில் கூலிக்கு நிற்கும் சகோதரிகள், வேலை தருபவரிடம் மலசலகூடம் எங்கே என்று முதல் நாளே கேட்க வேண்டும். டெலானோவின் திராட்சைத் தோட்டத்துப் பெண்கள் அந்தக் கேள்வியைச் சேர்ந்து கேட்டார்கள். தனியே கேட்கக் கூச்சமாக இருந்தால் நாமும் நாலு பேராகச் சேர்ந்து கேட்போம்.