பிளாப்பி படிக்கவில்லையா? அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள்!

பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கித் துடைத்து மேஜையில் வைக்கிறீர்கள். விண்டோஸ் 98 திரை வந்துவிடுகிறது. மகிழ்ச்சியோடு ஒரு பிளாப்பியைச் செருகினால் 'கரக் கரக்' என்று சத்தம். அடுத்து, "டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை. இப்போது செய்யலாமா?" என்று கேள்வி.

அண்ணனூரில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் வீட்டில் அண்மையில் இதுதான் நடந்தது. காலஞ்சென்ற தந்தை சொல்லச் சொல்ல, 2001-ல் அவர் டைப் செய்த குடும்ப வரலாறு அந்த ஒரே பிளாப்பியில்தான் இருந்தது. 'யெஸ்' பட்டனை அழுத்துவதற்கு முன் நல்லவேளையாக எனக்குப் போன் செய்தார். "நோ கொடுங்கள் சார், நான் வருகிறேன்" என்றேன்.

ஏன் 'நோ'?

பிளாப்பிக்குள் இருப்பது காந்தப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் 80 டிராக்குகள்; ஒவ்வொரு டிராக்கிலும் 18 செக்டார்கள்; ஒரு செக்டாரில் 512 பைட்டுகள். இரண்டு பக்கமும் சேர்த்தால் 14,74,560 பைட்டுகள். இதைத்தான் 1.44 எம்.பி. என்கிறோம். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, தொடக்கப் பகுதியில் இருக்கும். அந்த இடத்தைப் படிக்க முடியாவிட்டால், கம்ப்யூட்டர் அதைப் புது டிஸ்க் என்று நினைத்துக்கொள்கிறது. உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கலாம். முழு ஃபார்மட் செய்தால்தான் அவை அழியும்.

முதலில் பூட்டுங்கள், பிறகு பாருங்கள்

பிளாப்பியின் மூலையில் நகரும் சிறு பொத்தான் இருக்கும். துளை தெரியும்படி அதை நகர்த்துங்கள். இனி அந்த டிஸ்க்கில் எதுவும் தவறுதலாக எழுதப்படாது.

அடுத்து, உலோக மூடியை மெதுவாக ஒதுக்கி, நடுவில் உள்ள வட்டத்தைச் சுற்றியபடி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னையின் ஈரக்காற்றில் இது சகஜம். அந்த டிஸ்க்கை டிரைவில் போடாதீர்கள். டேப் ரெக்கார்டரைப் போலவே பிளாப்பி டிரைவிலும் ஹெட் வட்டைத் தொட்டுத்தான் படிக்கிறது. வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழலும். ஹெட்டில் ஒட்டிய அழுக்கு அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறிவிடும்.

கோளாறு டிஸ்க்கிலா, டிரைவிலா?

முக்கியமில்லாத வேறு இரண்டு பிளாப்பிகளைப் போட்டுப் பாருங்கள். அவை சரியாக வந்தால், சந்தேகம் உங்கள் டிஸ்க் மேல். எதுவுமே வரவில்லை என்றால், பெரும்பாலும் டிரைவ் மேல்.

டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள் என்று பொருள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கேபிளின் சிவப்பு ஓரம் 1-ம் எண் பின் பக்கம் வரும்படி மாற்றுங்கள். கம்ப்யூட்டரை இடம் மாற்றும்போது கேபிள் தளர்வதும் உண்டு.

கேபிள் சரியாக இருந்தால் ஹெட்டைச் சுத்தம் செய்யவேண்டும். அதற்கென்றே உள்ள கிளீனிங் டிஸ்க்கில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சில சொட்டுகள் விட்டு, டிரைவில் சில விநாடிகள் ஓடவிடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே அடுத்த டிஸ்க்கைப் போடவேண்டும். புதியவர்கள் டிரைவைக் கழற்றவேண்டாம். ஹெட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எந்த டிஸ்க்கும் படிக்காது.

ஒவ்வொரு ஃபைலாக எடுங்கள்

டிஸ்க் திறந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காப்பி செய்யாதீர்கள். ஒரு ஃபைலில் பிழை வந்தால் மற்றவையும் நின்றுவிடும். முக்கியமானதை முதலில் எடுங்கள். பிழை வந்தால் 'ரீட்ரை' கொடுங்கள். டிஸ்க்கை வெளியே எடுத்து மறுபடி செருகியும் முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் கிடைத்தால் இன்றைய கம்ப்யூட்டரிலேயே படிக்கலாம். ஸ்கேன்டிஸ்க் டிஸ்க்கில் எழுதித் திருத்தும் புரோகிராம். எனவே எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்த பிறகே அதை இயக்குங்கள்.

எழுத்துகள் பூச்சியாகத் தெரிகின்றனவா?

அண்ணனூர் நண்பரின் பிளாப்பியில் குறையே இல்லை. பல ஆண்டுத் தூசி டிரைவின் ஹெட்டில்தான் இருந்தது. சுத்தம் செய்ததும் ஃபைல் திறந்தது. ஆனால் உள்ளே புரியாத ஆங்கிலக் குறிகள்! "போச்சே" என்று தலையில் கை வைத்தார். அது டிஸ்க் கோளாறு அல்ல, எழுத்துரு மாற்றம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற குறியீட்டு முறைகள் டாம், டாப். அந்தக் காலத்தில் டைப் செய்த பலரும் இவற்றையோ, பாமினி போன்ற எழுத்துருக்களையோ பயன்படுத்தினார்கள். இன்று நாம் பயன்படுத்துவது யூனிகோடு. பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவையும் சேர்த்துக் காப்பி செய்துகொள்ளுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள்கள் யூனிகோடுக்கு மாற்றித் தரும். அவருடைய ஃபைல் டாம் எழுத்துருவில் இருந்தது. மாற்றியதும் தந்தையின் முதல் வரி தமிழில் வந்து நின்றது.

சோனி நிறுவனம் 2011-லேயே பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. மீட்டதை மறுபடி பிளாப்பியில் வைக்காதீர்கள். இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். பழைய பிளாப்பியையும் தூக்கி எறியவேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் மூடி, ஸ்பீக்கர் பக்கம் போகாமல் பத்திரப்படுத்துங்கள்.