யாரை எடுப்பார்கள்? முன்கூட்டியே சொல்ல முடியுமா?
(விளையாட்டுப் பகுதி)



ஜோனலுக்கு டீம் பேர் ஒட்டுவதற்கு முந்தின நாள் நாம் என்ன செய்வோம்? வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "அவ கண்டிப்பா வருவா, இவ வரமாட்டா"னு நோட்டுப் பின்பக்கத்தில் ஒரு லிஸ்ட் போடுவோம். மறுநாள் நோட்டீஸ் போர்டைப் பார்த்தால் பாதி தப்பாக இருக்கும். போன வருஷம் நான் போட்ட லிஸ்டில் என் பேரைத்தான் முதலில் எழுதியிருந்தேன். போர்டில் என் பேரே இல்லை!

முழுப் பரீட்சை லீவில் அத்தை மகன் போனில் 'மணிபால்' என்ற படம் பார்த்தோம். அமெரிக்க பேஸ்பால் பற்றிய படம். அதில் வயசான ஆட்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, யாரை எடுக்கலாம்னு சண்டை போடுவார்கள். அட, நம்ம வேப்பமரத்தடி மாதிரியே இருக்கேன்னு நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. டிராப்ட் என்றால் என்ன?

அமெரிக்காவில் பெரிய பேஸ்பால் டீம்கள் 30 இருக்கின்றன. பள்ளி முடித்த பையன்களையும் கல்லூரியில் ஆடுகிறவர்களையும் அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். இதற்குப் பேர்தான் டிராப்ட். இது ஐ.பி.எல். ஏலம் மாதிரி கிடையாது. ஏலத்தில் யார் அதிகப் பணம் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஆட்டக்காரர் கிடைப்பார். இங்கே ஒவ்வொரு டீமும் தன் முறை வரும்போது ஒரு பேரைச் சொல்லும். சொன்னதும் அந்தப் பையனோடு பேசும் உரிமை அந்த டீமுக்கு மட்டும்தான். அவனுக்குப் பிடித்தால் கையெழுத்துப் போடலாம். பிடிக்கவில்லை என்றால் படிக்கப் போகலாம்.

1965-ல் இது ஆரம்பித்தது. அதற்கு முன்னால் பணக்கார டீம்கள் நல்ல பையன்களை எல்லாம் பணம் கொடுத்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் தோற்ற டீமுக்கு முதல் வாய்ப்பு என்று வைத்தார்கள். வேண்டுமென்றே தோற்கக் கூடாது என்பதற்காக, 2023-லிருந்து முதல் 6 இடங்களைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள்.

2. எப்படிக் கணிக்கிறார்கள்?

ஒவ்வொரு டீமுக்கும் ஸ்கவுட் என்று ஆட்கள் உண்டு. (நம்ம சாரணர் இயக்க ஸ்கவுட் இல்லை!) அவர்கள் ஊர் ஊராகப் போய் மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பந்தின் வேகத்தை அளக்கக் கையில் ரேடார் கருவி, ஓட்டத்தை அளக்க ஸ்டாப் வாட்ச். மட்டை பிடிக்கிறவர்களிடம் 5 விஷயம் பார்ப்பார்கள்: பந்தை அடிப்பது, தூரமாக அடிப்பது, ஓடுவது, எறிவது, தடுத்துப் பிடிப்பது. ஒவ்வொன்றுக்கும் 20-லிருந்து 80 வரை மார்க். பெரிய டீமில் ஆடுகிற சராசரி ஆளுக்கு 50.

இதையெல்லாம் விசாரித்து, இந்த டீம் இன்னாரைத்தான் எடுக்கும் என்று பத்திரிகைக்காரர்கள் முன்கூட்டியே பட்டியல் போடுவார்கள். அதற்கு 'மாக் டிராப்ட்' என்று பேர். ஒத்திகைப் பட்டியல் என்று சொல்லலாம். 1981-ல் தொடங்கிய 'பேஸ்பால் அமெரிக்கா' என்ற பத்திரிகை இதில் பேர் போனது.

அவ்வளவு தகவல் இருந்தும் தப்பாகிறதே, ஏன்? ஒரு டீமின் கதையைப் பார்ப்போம்.

3. ஹூஸ்டன், 2012

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் டீம் 2011-ல் ஆடிய 162 ஆட்டத்தில் 106-ல் தோற்றது. கடைசி இடம். அதனால் 2012-ல் முதல் வாய்ப்பு அவர்களுக்குத்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பந்துவீச்சாளர் மார்க் ஆப்பலை எடுப்பார்கள் என்று பலர் சொன்னார்கள். ஜார்ஜியா மாநிலப் பள்ளிப் பையன் பைரன் பக்ஸ்டன்தான் திறமையில் முதல் என்று சொன்னவர்களும் உண்டு.

ஹூஸ்டன் சொன்ன பேர் கார்லோஸ் கொரேயா! போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த 17 வயசுப் பையன். எல்லாரும் திகைத்துப் போனார்கள்.

இதற்குக் காரணம் பணக் கணக்கு. அந்த வருஷம்தான் ஒரு புது விதி வந்திருந்தது. முதல் 10 சுற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு டாலர் என்று ஒரு தொகை. அதையெல்லாம் கூட்டினால் வருவதுதான் டீமின் மொத்தப் பணம். மொத்தத்தை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால், பிறகு வரும் முதல் சுற்று வாய்ப்பையே பறித்துவிடுவார்கள். ஆனால் மொத்தத்துக்குள் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம்.

தீபாவளித் துணிக்கு அம்மா மொத்தமாக 3000 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குக் குறைந்த விலையில் நல்ல சுடிதார் கிடைத்துவிட்டால், மிச்சத்தில் தம்பிக்கு ஜீன்ஸ் எடுக்கலாம் இல்லையா? ஹூஸ்டன் செய்ததும் அதுதான். முதல் இடத்துக்கு வைத்த தொகை 72 லட்சம் டாலர். கொரேயா 48 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். மிச்சம் 24 லட்சம். அந்தப் பணம் கையில் இருந்ததால், 41-வது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியர் என்ற பள்ளிப் பந்துவீச்சாளரை எடுத்து, அந்த இடத்துக்கு உரியதைவிட அதிகமாக 25 லட்சம் டாலர் கொடுத்தார்கள். குறைவாகக் கொடுத்திருந்தால் அவர் கல்லூரிக்குப் போயிருப்பார். 2017-ல் ஹூஸ்டன் உலகத் தொடரை வென்றபோது இரண்டு பேருமே அந்த டீமில் ஆடினார்கள்.

யார் நன்றாக ஆடுகிறார் என்று மட்டும் பார்த்தவர்களின் கணிப்பு தப்பிவிட்டது. "இந்த டீம் கையில் எவ்வளவு பணம்? அதை எப்படிப் பிரிக்கும்?" என்று யோசித்திருந்தால் கொஞ்சம் நெருங்கியிருக்கலாம்.

4. அடுத்த வருஷம்

2012-ல் ஆப்பலை 8-வது இடத்தில் பிட்ஸ்பர்க் டீம் எடுத்தது. அவர் கையெழுத்துப் போடாமல் திரும்பப் படிக்கப் போய்விட்டார். ஹூஸ்டன் மறுபடியும் 107 ஆட்டத்தில் தோற்றது. மறுபடியும் முதல் வாய்ப்பு. 2013-ல் அவர்கள் எடுத்தது அதே ஆப்பலை! அவர் பேரைச் சொன்னவர்கள் இந்தத் தடவை ஜெயித்தார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கீழ் மட்ட ஆட்டங்களில் ஆப்பல் தடுமாறினார். காயமும் வந்தது. ஹூஸ்டனுக்காக ஒரு பெரிய ஆட்டம்கூட ஆடவில்லை. வேறு டீமுக்கு மாற்றிவிட்டார்கள். 2018-ல் ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

அவருக்கு அடுத்து 2-வதாக எடுக்கப்பட்ட கிரிஸ் பிரையன்ட், 2016-ல் தன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 32-வதாக நியூயார்க் யாங்கீஸ் எடுத்தவர் ஏரன் ஜட்ஜ். 2022-ல் அவர் ஒரே வருஷத்தில் 62 ஹோம் ரன் அடித்தார். வேடிக்கை என்னன்னா, நியூயார்க்கே தன் முதல் வாய்ப்பில் அவரை எடுக்கவில்லை. 26-வது இடத்தில் வேறொருவரை எடுத்துவிட்டுத்தான் அவர் பேரைச் சொன்னது. பேரைச் சரியாகக் கணித்தாலும், அந்த ஆள் எப்படி வருவார் என்பது வேறு கேள்வி பாருங்க.

5. ஏன் இவ்வளவு கஷ்டம்?

17, 18 வயசில் உடம்பு இன்னும் வளர்ந்து முடியாது. பள்ளியிலும் கல்லூரியிலும் பெரும்பாலும் உலோக மட்டை. பெரிய டீமில் மர மட்டைதான். எடுத்தவுடனே பெரிய மைதானத்துக்குப் போக முடியாது. கீழ் மட்ட டீம்களில் பல வருஷம் ஆடணும். பந்துவீச்சாளருக்குக் கை எப்போது வலிக்கும் என்று ரேடார் கருவி சொல்லாது.

1988-ல் மைக் பியாசா என்பவரை 62-வது சுற்றில், 1390-வது ஆளாக எடுத்தார்கள். அதுவும் டாட்ஜர்ஸ் டீமின் மேலாளர் லசோர்டா, பியாசாவின் அப்பாவுக்கு நண்பர் என்பதால். அந்த பியாசா 2016-ல் பேஸ்பாலின் புகழ் மன்றத்தில் இடம் பிடித்தார். 2021-லிருந்து டிராப்டில் 20 சுற்றுதான். 1390-வது இடம் என்று ஒன்று இப்போது கிடையாது. அதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

6. நீங்களும் கணிக்கணுமா?

இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.
* டீமுக்கு எத்தனையாவது வாய்ப்பு?
* கையில் எவ்வளவு பணம்?
* பள்ளிப் பையனா, கல்லூரி ஆளா? கையெழுத்துப் போடுவாரா?
* முன் வருஷங்களில் எந்த மாதிரி ஆட்களை எடுத்தது?

இவ்வளவும் கேட்டாலும் தப்பலாம். ஆப்பலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் 2021-ல் திரும்பி வந்தார். 2022 ஜூன் மாதம், 30 வயசில், பிலடெல்பியா டீமுக்காக முதல் தடவையாகப் பெரிய மைதானத்தில் பந்து வீசினார். ஒரு இன்னிங்ஸ் வீசி, ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அதை எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஜோனல் லிஸ்ட் ஒட்டுவார்கள். மரத்தடிக்கு நோட்டோடு வருகிறேன். என் பேரை இந்தத் தடவை கடைசியில் எழுதப் போகிறேன். ஆனால் சாயந்தரம் ஓடுவதை விடமாட்டேன்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி