மைனரா, கேம்பிறிட்ஜா?

அளவெட்டி கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. பின்னேரம் நாலரை மணி. ஆளுக்கொரு பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி. கனடாவிலிருந்து வந்து நின்ற மருமகன் கைபேசியைத் தேய்த்தபடி கேட்டான்: "மாமா, உலகத்திலேயே திறமான பழைய கார் எதெண்டு நினைக்கிறீங்கள்?"

கேட்டது என்னை. மறுமொழி சொன்னது மூன்று பேர். "மொறிஸ் மைனர். இதிலென்ன கேள்வி" என்றார் இளைப்பாறிய வாத்தியார். "விசர்க்கதை கதையாதேங்கோ மாஸ்ரர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்" என்றார் நாற்பது வருஷம் ஹயர் ஓடின பெரியவர். கேத்திலோடு வந்த கடைக்காரர், "ஏ போட்டியை ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மருமகனுக்கு மூன்றும் பிடிபடவில்லை. அவன் கையில் இருந்த படம் 1955இல் செய்த ஒரு மேர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர். அந்தக் கூரை வைத்த வகையில் இரண்டே இரண்டுதான் செய்தார்கள். அதில் ஒன்று 2022 மே மாதத்தில் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம்போனது. "இதைவிடத் திறம் என்ன இருக்கு?" என்றான். விலையைக் கேட்டதும் வாத்தியாருக்குப் பனங்கட்டி புரைக்கேறிவிட்டது.

விலையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் விவாதமே இல்லை. நடுவர்களை வைத்துக் கேட்டாலும் மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது. நூற்றாண்டின் கார் எது என்று பல நாட்டு வாகன எழுத்தாளர்கள் கூடி வாக்களித்து 1999 டிசம்பரில் முடிவு சொன்னார்கள். முதலிடம் போர்ட் மொடல் ரீ. அடுத்தது மினி, பிறகு சித்ரோன் டீஎஸ், வொக்ஸ்வாகன் பீற்றில், போர்ஷ 911. இதில் எதிலும் பிழை சொல்ல நான் வரவில்லை. மொடல் ரீ 1908 தொடக்கம் 1927 வரை ஒன்றரைக் கோடி செய்த கார். அதற்கு முதலிடம் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது? ஆனால் இந்த ஐந்தில் ஒன்றைக்கூட எங்கள் சந்தியில் ஹயருக்கு நிறுத்தி நான் கண்டதில்லை. எந்த றோட்டில், எந்த எண்ணெயில், யாருடைய கராஜை நம்பி ஓடின கார் என்று கேட்காமல் ஒரு காரைத் திறம் என்றோ திறமில்லை என்றோ சொல்வது, பெண்ணைப் பார்க்காமல் பொருத்தம் பார்ப்பது மாதிரி.

வாத்தியாரின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரில் 1906இல் பிறந்தவர். பின்னாளில் மினியையும் அவர்தான் வரைந்தார். மைனர் 1948இல் லண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னர், செய்து முடித்த மாதிரி வண்டியைப் பார்த்த இசிகோனிசுக்கு அது ஒடுக்கமாய்த் தெரிந்தது. காரை முன்னிருந்து பின்னாக நடுவாலே இரண்டாகப் பிளக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் மெல்ல மெல்ல விலக்கி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் விலகினபோது, இதுதான் அளவு என்றார். அந்த நாலு அங்குலம் இன்றைக்கும் அந்தக் காரில் எழுதிக் கிடக்கிறது. எங்காவது ஒரு மைனரைக் கண்டால் பொனெற்றின் நடுவிலே கையை வைத்துத் தடவிப் பாருங்கள். முன்னிருந்து கண்ணாடி வரைக்கும் ஒரு தட்டையான பட்டி மேலெழுந்து ஓடும். பிளந்த இடம் அது. ஆரம்பகால வண்டிகளுக்குப் பம்பரை ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள். அதையும் நடுவே வெட்டி ஒரு துண்டை வைத்து ஒட்டினார்கள். கம்பனி முதலாளி நவ்பீல்ட் பிரபு இதைப் பார்த்துவிட்டு, உடைத்து அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று நக்கலடித்தாராம். அந்த முட்டைதான் பத்து லட்சம் விற்ற முதலாவது பிரித்தானியக் கார்.

பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாஸ்ரர், உங்கடை மைனருக்கு எஞ்சின் ஆர் குடுத்தது?"

வாத்தியார் தேத்தண்ணியைக் குடித்தார். இதற்கு மறுமொழி அவருக்கும் தெரியும். 1952இல் மொறிஸ் இருந்த நவ்பீல்ட் குழுமமும் ஒஸ்ரினும் ஒன்றாய்ச் சேர்ந்து பீஎம்சி என்ற கம்பனி ஆயின. சேர்ந்த கையோடு மைனரின் பழைய 918 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு, ஒஸ்ரின் ஏ 30க்கு வைத்த 803 சிசி எஞ்சினை அதற்குள் இறக்கினார்கள். 1956இல் அது 948 ஆனது, 1962இல் 1098 ஆனது, குடும்பம் ஒன்றுதான். ஆக, மைனர் என்று கொடிபிடிப்பவர்கள் பொனெற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒஸ்ரின். அந்தப் பக்கத்துக் கதையும் இப்படித்தான். கேம்பிறிட்ஜுக்கு வைத்த 1489 சிசி எஞ்சினைத்தான் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கும் வைத்தார்கள். 1959இல் இத்தாலியின் பினின்பரீனா வரைந்து கொடுத்த வால்முளைத்த உடலை இரண்டுக்கும் போர்த்தினார்கள். முகப்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டால் எது எதுவென்று அடையாளம் சொல்வது கஷ்டம். தமிழ்நாட்டுக்காரர் தங்கள் சொத்து என்று நினைக்கும் அம்பாசடரும் ஒக்ஸ்போர்ட்டின் மூன்றாம் தொடர்தான். அதற்குள்ளும் பல காலம் ஓடியது இதே 1489. வங்காளத்தில் உத்தரபாராவில் 2014 வரை அம்பாசடரைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி உறவுதான் யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்களைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். ஒன்றுக்கு இல்லாத சாமானை மற்றதிலிருந்து கழற்றலாம். ஒரு வளவில் படுத்த ஒக்ஸ்போர்ட் மூன்று வளவுக் கேம்பிறிட்ஜுகளுக்கு உயிர் கொடுக்கும்.

ஏன் இவ்வளவு பழைய கார் எங்களிடம் மிஞ்சியது? நம்பர்த் தகட்டைப் பார்த்தால் பாதிக் கதை விளங்கும். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகக் கோத்து ஈ எல், ஈ என், ஈ வை என்று ஓடியவை ஐம்பதுகளின் கார்கள். அதற்குப் பிறகு தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து, தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டிய 1957, 58 கலவர காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஈ எல் தகடு வைத்திருந்தவருக்கு அந்தத் தலையிடி இல்லை. அறுபதுகளில் அந்நியச் செலாவணி இல்லையென்று இறக்குமதியை இறுக்கினார்கள். 1970க்குப் பிறகு கதவையே பூட்டினார்கள். 1977இல் கதவு திறந்து ஜப்பான் கார் வரத் தொடங்கியது. அது எங்கள் ஒழுங்கைகளுக்குள் சரியாக வந்து சேரும் முன்னரே சண்டை வந்துவிட்டது.

இனித்தான் விஷயம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து எல்லாம் தடை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது, அதுவும் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் விட்டு, சிமினி இல்லாத விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்த காலம். அந்தக் காலத்தில்தான் ஐம்பதுகளின் ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின.

எப்படி ஓடியது என்று மருமகன் நம்பாமல் கேட்டான். தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினேன். சுடச்சுட இருக்கிற தேத்தண்ணியில் ஆவி பறக்கிறது, ஆறினதில் பறக்கவில்லை. எஞ்சினுக்குள் எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே முதலில் ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் எஞ்சினை எழுப்ப வேண்டும். இந்தப் பழைய எஞ்சின்களில் புகை வெளியேறும் குழாயும் காற்று உள்ளே போகும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கும். நாலைந்து நிமிஷத்தில் புகைக்குழாயின் சூடு மற்றதுக்கு ஏறிவிடும். அப்போது பெற்றோலை மூடி மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டால், உள்ளே போகிற வழியிலேயே அது ஆவியாகிவிடும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைக்கிற மெசினை எப்படி ஸ்ராட் பண்ணுவோம்? சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். அதே வித்தைதான். தோட்டக்காரன் கையில் ஏற்கெனவே இருந்த வித்தையைக் காருக்கு மாற்றினார்கள்.

ஆனால் எல்லாக் காருக்கும் இது சரிவராது. காற்றையும் ஆவியையும் எவ்வளவுக்கு நெருக்குகிறது என்பதில்தான் எஞ்சினின் குணம் இருக்கிறது. கடைக்காரரின் ஏ போட்டி, அதாவது ஒஸ்ரின் ஏ 40 சோமர்செற், ஏழு பங்கு சொச்சத்தை ஒரு பங்காக நெருக்கும். இன்றைய கார் பத்துக்கு மேலே. மண்ணெண்ணெய் நெருக்குதலைத் தாங்காது. பிளக் மூட்டிய நெருப்பு வந்து சேர முன்னரே மிச்ச ஆவி தன்பாட்டில் வெடிக்கும். உள்ளே சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்கும், பிஸ்ரன் போய்விடும். மெதுவாய் நெருக்குகிற பழைய எஞ்சின் பிழைத்தது அதனால்தான். அதிலும் ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். காபரேற்றரைக் கழற்றி ஊதிப் பூட்ட ஒரு திருப்புளியும் ஒரு குறடும் போதும்.

சும்மா கிடைத்த வெற்றியல்ல இது. கறுத்த புகை, கண்ணெரிச்சல், உடுப்பெல்லாம் மணம், ஏற்றம் ஏறாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வழியாக வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்தால், குறைந்திருக்க வேண்டிய ஒயில் கூடியிருக்கும். தொட்டு மணந்தால் விளக்கு மணம். அந்தத் தண்ணி ஒயிலோடு தொடர்ந்து ஓடினால் பெயறிங் தேய்ந்துவிடும். "ஒயில் கூடினால் சந்தோஷப்படாத எஞ்சின் இது ஒண்டுதான்" என்றார் பெரியவர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போருக்கு அஞ்சி வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, ஊர்ந்த வாகனங்களில் இப்படிப் புகைத்துக்கொண்டு போனவையும் இருந்தன.

சரி, இந்தக் கார்களில் குறையே இல்லையா? தாராளமாக இருக்கிறது. நாலு சில்லுக்கும் டிரம் பிறேக். மழைத் தண்ணிக்குள் இறங்கினால் பிள்ளையாரை நினைத்துக்கொண்டுதான் மிதிக்க வேண்டும். மைனரின் முன்சில்லு திரும்புகிற முளைக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால், ஒரு நாள் சில்லு மடங்கிக் கார் மூக்கால் குப்புற இருக்கும். உலகம் முழுக்க மைனர்க்காரருக்குத் தெரிந்த நோய் இது. அடியில் கறள். உப்புக்காற்று வீசுகிற ஊரில் அதைச் சொல்லவே வேண்டாம். பாதுகாப்பு என்று பார்த்தால் இன்றைய மலிவுக் காருக்குக்கூடக் கிட்ட நிற்காது. பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இலும் பெற்றோல் வரிசையில் நின்றோம். ஜூன் கடைசியில் லீற்றர் 470 ரூபா. அதன் பிறகு கியூஆர் அட்டையைக் காட்டி அளவாய் வாங்கினோம். அப்போது ஊரில் நின்ற ஹைபிரிட் கார் எதற்கும் மண்ணெண்ணெய் பருக்க முடியவில்லை. அவை புத்திசாலிக் கார்கள்தான். ஆனால் புத்தி கெட்டால் கொம்பியூற்றர் கொண்டுவந்து கேட்க வேண்டும், என்ன வருத்தம் என்று.

"அப்ப தீர்ப்பு என்ன மாமா?" என்றான் மருமகன்.

வடிவுக்கு மைனர். இதில் வாத்தியாரோடு வாதாட நான் வரமாட்டேன். ஆனால் இது அளவெட்டி. தவில் மேதை தட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர், நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனின் ஊர். ஒரு மேளக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள்: நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று, சுருதி ஒன்று. ஆட்கள் ஆறு, அதோடு சாரதி. மைனரின் டிக்கிக்குள் ஒரு தவிலை வைத்தால் மற்றத் தவில் வித்துவானின் மடியில் இருக்க வேண்டும். கேம்பிறிட்ஜ் என்றால் இரண்டு தவிலும் டிக்கிக்குள், முன்னுக்கு மூன்று பேர், பின்னுக்கு நாலு பேர். கொஞ்சம் நெருக்கம்தான், ஆனால் இரவுத் திருவிழாவுக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம். என் வாக்கு கேம்பிறிட்ஜுக்கு. கடைக்காரர் மன்னிக்க வேண்டும், ஏ போட்டிக்கு இரண்டாமிடம்.

உங்கள் வளவிலும் கொட்டிலுக்குள் ஒன்று படுத்துக் கிடக்கலாம். பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்க முன்னர் ஒருக்கால் ஹாண்டில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். கியரை நியூற்றலில் விடுங்கள், ஹாண்ட் பிறேக்கை இழுத்து வையுங்கள். ஹாண்டிலை மேல்நோக்கி இழுங்கள், கீழே அமத்தாதீர்கள். பெருவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாய் வையுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் முறிவது பெருவிரல்தான்.