கிரிவலக் காலும் ராமச்சந்திரன் வரைபடமும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு, மறுநாள் காலை முழங்காலும் குதிகாலும் படுத்தும் பாடு தெரியும். முழங்கால் மூட்டின் குருத்தெலும்புக்கும், கெண்டைக்காலைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் தசைநாணுக்கும் வலுக் கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதப்படுத்துகிறார்களே, அங்கே தொட்டியில் ஊறுவதும் பெரும்பாலும் இதே கொலாஜன்தான்.

இந்தப் புரதத்தின் வடிவம் பிடிபட்டது சென்னையில். சி. வி. ராமனின் மாணவரான ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954, 1955 ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் எழுதினார். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்றார்கள். அதில் மூன்றுக்கு ஒன்று கிளைசீன் என்ற அமினோ அமிலம். முறுக்கின் நடுவே அந்த மிகச் சிறிய அமிலத்துக்கு மட்டுமே இடம் உண்டு.

டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுத்தார்கள். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் புகார். பின்னர் விவரங்கள் திருத்தப்பட்டன, மூவிழை வடிவம் நிலைத்தது. அந்தப் புகார் விட்டுச்சென்ற கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்?

சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் ராமச்சந்திரன் அதற்குக் கணக்குப் போட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இடங்கள் இரண்டு. இரண்டும் 360 பாகை சுற்றலாம் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான கோணங்களில் அணுவோடு அணு இடித்துக்கொள்ளும். இடிக்காத கோணங்களைச் சதுரத் தாளில் குறித்தபோது சில சிறு திட்டுகள்தான் தேறின. 1963-இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி' இதழில் ஐந்தே பக்கங்களில் அது வந்தது. உலகம் இன்று அதை 'ராமச்சந்திரன் பிளாட்' என்கிறது.

இந்தக் கட்டுரையின் பயனை எப்படி அளப்பது? பிற ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டியது, அதாவது சைட்டேஷன், ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் 1971-இல் தொடங்கிய உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. புதிதாகச் சேரும் புரதம் எதுவானாலும் இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது. பயன்படுத்துகிறவர்களில் பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட அறிவுக்கு நேர்வது இது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்.

மறுபக்கமும் உண்டு. 2014-இல் 'நேச்சர்' எடுத்த கணக்கில், உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 1951-இல் ஆலிவர் லோரி எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேல். கரைசலில் புரதம் எவ்வளவு என்று அளக்கும் செய்முறை அது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன கட்டுரை முதல் நூறில்கூட இல்லை.

மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை 1955-இல் யூஜின் கார்ஃபீல்டு முன்வைத்தார். அதிலிருந்து பிறந்த, ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் 'இம்பாக்ட் ஃபேக்டர்' நூலகர்கள் இதழ்களைத் தேர்ந்தெடுக்க உதவியது. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் 'ஹெச்-இன்டெக்ஸ்' தந்தார்: ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் பெற்றால், ஹெச் பத்து. இன்று வேலையும் பதவி உயர்வும் இந்த எண்களில் தொங்குகின்றன. எண்ணுக்காகவே எழுதி, காசு கட்டி அச்சேற்றும் கட்டுரைகள் பெருகியதற்கு இதுவே காரணம் என்பேன். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு நீக்கியது நல்ல காரியம்.

திருவண்ணாமலைக் கல்லூரிகளில் உயிர்வேதியியலும் விலங்கியலும் படிக்கும் பிள்ளைகளே, ஆய்வு வழிகாட்டியைத் தேடும்போது அவருடைய எண்ணைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்து, என்ன கேட்டார், என்ன கண்டார் என்று பாருங்கள். அதற்கும் முன், 1963-இன் அந்த ஐந்து பக்கங்களைத் தேடிப் படித்துவிடுங்கள்.